சைக்கிள் சாமான்களை மலிவாக வாங்குவதும், வீட்டில் இரண்டாவது ட்ரெய்னர் வைத்திருப்பதும்

[காட்சி: சுவரோரம் ஒரு இண்டோர் ட்ரெய்னர். அதன் சின்ன விளக்கு அணைந்திருக்கிறது.]

வணக்கம். இது இண்டோர் ட்ரெய்னர்: சைக்கிளை மாட்டி, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிப்பதற்கான கருவி. இதன் விளக்கைப் பாருங்கள். பிளக்கைச் செருகியதும் இது மின்ன ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் மின்னவில்லை. 200 கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன், அதற்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன், ஒயரை அசைத்துப் பார்த்தேன். உயிரே இல்லை. வாரண்டி இருந்தது, உண்மைதான். ஆனால் பெட்டியில் கட்டி அனுப்பி, அவர்கள் பார்த்து, திரும்பி வர நான்கு வாரம் ஆகிவிட்டது.

அந்த நான்கு வாரமும் என்னைக் கைவிடாதது, கட்டிலுக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த, மின்சாரமே வேண்டாத ஒரு பழைய ஃப்ளூயிட் ட்ரெய்னர். யாரோ இடத்தை அடைக்கிறது என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன்: சாமான் வாங்கும்போது பார்த்துப் பார்த்து மிச்சம் பிடியுங்கள், அந்த மிச்சத்தில் ஒரு சாதாரண ட்ரெய்னரை வாங்கி வையுங்கள்.

[காட்சி: மேசைமேல் செயின், கேசட், டயர், கையுறை.]

முதலில் மிச்சம் பிடிக்கும் வழி. புதிய மாடல் வரும் நேரம்தான் பழைய மாடலுக்கு விலை இறங்கும் நேரம். ஷிமானோ கம்பெனி 2021-ல் டியூரா-ஏஸ், அல்டெக்ரா என்ற தன் கியர் வரிசைகள் இரண்டையும் 12 ஸ்பீடுக்கு, அதாவது பின்னால் 12 பற்சக்கரத்துக்கு, மாற்றியது. 105 வரிசையில் மின்னணு கியர் 2022-லும், கேபிள் கியர் 2023-லும் 12 ஸ்பீடாக வந்தன. அதற்கு முந்தைய 11 ஸ்பீடு பாகங்கள் ஒரே நாளில் மோசமாகிவிடவில்லை. கியர் விழும் சுத்தம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் சைக்கிள் 11 ஸ்பீடு என்றால், கழித்துக்கட்டும் விலையில் கிடைக்கும்போது இரண்டு செயினும் ஒரு கேசட்டும் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) வாங்கி வைத்துவிடுங்கள். செயினும் கேசட்டும் எப்படியும் தேயப் போகிறவை, வீணாகாது.

துணிமணிக்கும் இதே கணக்கு. குளிர்கால ஜாக்கெட்டைக் குளிர் முடியும்போது வாங்க வேண்டும். நிறம் பிடிக்காமல் தேங்கிக் கிடப்பதுதான் பெரும்பாலும் அதிகத் தள்ளுபடியில் இருக்கும். சைக்கிள் மிதிக்கும்போது அந்த நிறத்தை நீங்களா பார்க்கப் போகிறீர்கள்?

இன்னொரு நல்ல வாய்ப்பு, புது சைக்கிள் வாங்கியவர்கள் உடனே கழற்றி வைக்கும் பாகங்கள். சீட்டு, ஸ்டெம், ஹேண்டில்பார், டயர் எல்லாம் தனக்குப் பிடித்ததாக மாற்றிக்கொண்டு, பழையதைப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிடுவார்கள். தெருவையே பார்க்காத பாகங்கள் அவை. தெரிந்த சைக்கிள் நண்பர்களிடம் சொல்லி வையுங்கள், தானாக வந்து சேரும்.

ஆனால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஹெல்மெட்டைப் பழையதாக வாங்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்குவதற்கானது. அடி வாங்கியதும் உள்ளே நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். தெரியாதவரிடம் பழைய கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வாங்குவதையும் நான் தவிர்ப்பேன், அதிலும் உள்விரிசல் வெளியே தெரியாமல் போகலாம். பெயர்பெற்ற கம்பெனிப் பெட்டியில் போலிச் செயினும் வருகிறது. நம்ப முடியாத விலை என்றால் நம்பாமலே இருங்கள்.

[காட்சி: செயினின் மேல் எஃகு ஸ்கேல். கேமரா மிக அருகே.]

பழைய சைக்கிளோ, கேசட்டோ, சக்கரமோ வாங்கப் போகும்போது ஒரு ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்குலம் குறித்த ஸ்கேல் வேண்டும். செயினின் கண்ணிகளை இணைக்கும் குட்டி ஆணிதான் பின். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். பெடலைக் கொஞ்சம் அழுத்தி, செயினை விறைப்பாக்குங்கள். இப்போது 12 அங்குலக் கோட்டைப் பாருங்கள். புதுச் செயினில் அந்தக் கோட்டுக்கு நேராக ஒரு பின்னின் நடு வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளியிருந்தால், செயின் ஏறத்தாழ அரை சதவீதம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். 11, 12 ஸ்பீடில் அதுதான் மாற்ற வேண்டிய கட்டம். 8-ல் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மட்டும் போகாது, கேசட்டின் பற்களையும் அது தேய்த்திருக்கும். அப்போது விற்பவர் சொல்லும் விலையில் இரண்டின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

சரி, ட்ரெய்னருக்கு வருவோம்.

[காட்சி: இரண்டு ட்ரெய்னர்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இடதுபக்கம் இருப்பது டைரக்ட் டிரைவ். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேரடியாக அதன் கேசட்டில் மாட்டுவோம். எவ்வளவு வாட் மிதிக்கிறோம் என்று சொல்லும், ஆப் கேட்டபடி தானே இறுக்கும், தளர்த்தும். நல்ல கருவிதான். ஆனால் உள்ளே பெல்ட், பேரிங், மின்சுற்று, சென்சார், வெளியே ஒரு அடாப்டர் எல்லாம் இருக்கின்றன. எது போனாலும் வண்டி நின்றுவிடும்.

வலதுபக்கம் ஃப்ளூயிட். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், அது ஒரு உருளையை உரசிச் சுழற்றும். உருளையோடு சேர்ந்த மூடிய கூட்டுக்குள் சிலிக்கோன் எண்ணெய், அதற்குள் ஒரு சிறு விசிறி. வேகமாக மிதித்தால் எண்ணெய் அதிகமாக எதிர்க்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. மின்சாரம் வேண்டாம், போன் வேண்டாம். இரண்டாவது ட்ரெய்னர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். முதலாவது எதை நம்பி ஓடுகிறதோ, அதை இரண்டாவது நம்பியிருக்கக் கூடாது. வாட் கணக்கு வேண்டும் என்றால் பெடலிலோ கிராங்கிலோ பவர் மீட்டர் இருந்தால் போதும், எந்த ட்ரெய்னரிலும் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்யலாம். அந்த நான்கு வாரமும் நான் அப்படித்தான் செய்தேன்.

பழைய ஃப்ளூயிட் ட்ரெய்னர் நிறையவே வெளியே இருக்கிறது. 2020-ல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது ட்ரெய்னர் கிடைப்பதே அரிதாக இருந்தது. அப்போது அவசரத்தில் வாங்கிய பலர், சாலை திறந்ததும் அதை மூலையில் வைத்துவிட்டார்கள்.

[காட்சி: உருளையைக் கை சுழற்றுகிறது. சத்தம் மட்டும்.]

வாங்குமுன் தரையிலிருந்து தொடங்குங்கள். ட்ரெய்னர் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? கூட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, விட்டுவிடுங்கள். அப்புறம் உருளையைக் கையால் சுழற்றுங்கள். சீராக வந்து மெல்ல நிற்க வேண்டும். மணல் அரைவது போல் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. உருளையோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் ஆடக் கூடாது. சைக்கிளைப் பிடிக்கும் திருகின் மரை வழுக்காமல் இறுக வேண்டும். வியர்வைத் துரு மேலாக இருந்தால் பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும்.

பழைய டைரக்ட் டிரைவ் பார்க்கப் போகிறீர்களா? விற்பவரையே சைக்கிளை மாட்டிப் பத்து நிமிடம் மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு ஒருமுறை எழுந்து நின்று வேகமாக மிதிக்கும்போது பெல்ட் வழுக்கும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அடாப்டர் அந்த ட்ரெய்னரோடு வந்ததுதானா, அச்சுக்கான மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப் எந்த வகை என்று கேட்க மறக்கவே கூடாது. ஷிமானோ கேசட்டுக்கான ஃப்ரீஹப்பில் ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்டி-ஆர் கேசட் ஏறாது. 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் 10 ஸ்பீடு கேசட் போட்டால், பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கேசட் ஆடும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது போல, மலிவாக ட்ரெய்னரை வாங்கிவிட்டு ஃப்ரீஹப்புக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

[காட்சி: பின்சக்கரம் உருளையைத் தொடுகிறது.]

ஃப்ளூயிட் ட்ரெய்னரில் சைக்கிளை மாட்டும்போது கவனிக்க வேண்டியது டயர். சாதாரண டயர் உருளையில் சீக்கிரம் தட்டையாகத் தேயும், கரும்பொடியாகத் தரையில் கொட்டும். முடிந்தால் ஒரு பழைய சக்கரத்தில் ட்ரெய்னர் டயர் போட்டு, உங்கள் கியருக்குப் பொருந்தும் கேசட்டோடு தனியாக வைத்திருங்கள். காற்றை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு அடியுங்கள். உருளை டயரைத் தொட்டதும் குமிழியை இன்னும் இரண்டு மூன்று சுற்று திருகினால் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். பெடலை வேகமாக மிதித்துப் பாருங்கள், வழுக்கினால் அரைச் சுற்று கூட்டுங்கள். கார்பன் சைக்கிள் என்றால், தயாரித்தவர்கள் ட்ரெய்னரில் மாட்ட அனுமதிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மாதம் ஒருமுறை அந்த இரண்டாவது ட்ரெய்னரை வெளியே எடுத்து அரைமணி நேரம் மிதித்துவிட்டு வையுங்கள். ஓடுகிறதா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

[காட்சி: மடித்த ட்ரெய்னரின் காலில் கட்டிய ஒரு துணிப்பை. கை அதைத் திறக்கிறது.]

இந்தப் பைக்குள் இருப்பது ஒரு எஃகு ஸ்கூவர், அதாவது பின்சக்கர அச்சின் ஊடே போகும் கம்பி. விரைவில் கழற்றும் அச்சுள்ள சைக்கிளை ட்ரெய்னரின் கவ்வி இதன் இரு முனையிலும்தான் பிடிக்கும். சைக்கிளோடு வரும் இலேசான அலுமினிய ஸ்கூவர் அந்த அழுத்தத்துக்கு ஆகாது. த்ரூ ஆக்ஸில், அதாவது சட்டத்திலேயே திருகி இறுக்கும் அச்சு உள்ள சைக்கிள் என்றால் அதற்கான தனி அச்சு வேண்டும். உங்கள் பழைய அச்சின் நீளத்தையும் மரையின் இடைவெளியையும் அளந்து வாங்குங்கள், மரை 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மாறும். எதுவானாலும் ட்ரெய்னரோடு சேர்த்தே கட்டி வையுங்கள். நான் முதல் நாள் இதைத் தேடியே ஒரு மணி நேரம் போனது.