விமானத்தில் விட்டுவந்த பொருளைக் கேட்டு ஒரு கடிதம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கிக் காரில் ஏறி, கருமத்தம்பட்டி தாண்டும்போதுதான் பலருக்கும் நினைவு வருகிறது, முன்இருக்கைப் பையில் வைத்த பொருளை எடுக்கவில்லை என்று. உடனே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஆனால் போனோடு நிறுத்த வேண்டாம். எழுத்தில் போனால் அதற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். விமானத்துக்குள் விட்டதென்றால் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும். முனையத்தின் நாற்காலியிலோ கழிப்பறையிலோ விட்டிருந்தால் விமான நிலைய நிர்வாகத்துக்கு. சோதனைத் தட்டில் விட்ட பெல்ட்டும் வாட்சும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் கையில் கிடைத்து, அங்கிருந்து நிலையத்தின் தவறிய பொருள் பிரிவுக்குப் போகும். எங்கே விட்டோம் என்று நிச்சயமில்லையா? இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

வந்த விமானம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். அவசரத் துப்புரவில் இருக்கைப் பையின் அடிவரை கை போகாது. உங்கள் பொருள் மும்பையிலோ ஐதராபாத்திலோ கிடைக்கலாம். அதனால், “இந்த விமானம் அன்று அடுத்தடுத்துச் சென்ற நிலையங்களிலும் விசாரிக்கவும்” என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். இதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே விமான எண், தேதி, இருக்கை எண், பொருள் நான்கும் வந்துவிட வேண்டும். தேதியில் ஒரு சிக்கல் உண்டு. இரவு 11.30-க்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டி இறங்கினால், கிளம்பிய நாளைத்தான் எழுத வேண்டும். இறங்கிய நாளைப் போட்டால் அவர்கள் மறுநாள் விமானத்தைத் தேடுவார்கள். உள்ளே பயணியின் பெயர் டிக்கெட்டில் உள்ளபடி, டிக்கெட்டில் உள்ள ஆறு எழுத்து முன்பதிவு எண்ணான பி.என்.ஆர்., புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், கைப்பேசி எண். பொருள் முன்பையிலா, மேல்தட்டிலா, காலடியிலா என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்தது அடையாளம். “கறுப்புப் பை” என்றால் அவர்கள் அலமாரியில் அப்படி எத்தனையோ இருக்கும். திருப்பூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் சாம்பிள் பையை விட்டுவிட்டார் என்று வையுங்கள். “பச்சைக் கேன்வாஸ் பை, ஒன்றரை அடி நீளம், ஜிப்பின் இழுவை உடைந்தது, உள்ளே ஆறு பனியன் சாம்பிள்” என்று எழுதலாம். அவற்றில் தைத்திருக்கும் லேபிளில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்களுடையதுதானா என்று கேட்கும்போது அதைச் சொல்லலாம். கைப்பேசி என்றால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும்; வாங்கிய அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். பாஸ்போர்ட் என்றால் கடிதம் போதாது, காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

கோபமாக நஷ்டஈடு கேட்டு ஆரம்பிக்காதீர்களுங்க. கைப்பையும் கையில் கொண்டுபோகும் பொருளும் பயணியின் பொறுப்பு என்றுதான் நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கோபமாக எழுதினால் கடிதம், பொருளைத் தேடுகிறவர் மேசைக்குப் போகாமல் புகார்ப் பிரிவுக்குப் போய்விடக்கூடும். பி.என்.ஆர். தெரியும்படி போர்டிங் பாஸைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போடவும் வேண்டாம். அந்த எண்ணும் பெயரும் இருந்தாலே உங்கள் டிக்கெட் விவரத்தை அடுத்தவர் திறந்து பார்க்க முடியும்.

பொருள் கிடைத்து, வேறு ஊரில் இருந்தால் கூரியரில் கேட்கலாம். செலவு பெரும்பாலும் நம்முடையதுதான். ஆனால் கைப்பேசி, பவர் பேங்க் போன்றவற்றில் லித்தியம் பேட்டரி இருப்பதால் விமானக் கூரியரில் எடுக்க மறுப்பதுண்டு. அந்த ஊரில் சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் அவருக்கு ஓர் அதிகாரக் கடிதம் கொடுங்கள். அதில் அவர் பெயர், அடையாள அட்டை விவரம், பதிவு எண், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும். ஆதார் நகல் இணைத்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலே போதும்.

பதில் வராவிட்டால் புதிதாக எழுதாமல், அதே மின்னஞ்சலின் கீழேயே பதிவு எண்ணோடு நினைவூட்டுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ தளத்தில், அதே கடிதத்தை இணைத்துப் பதிவு செய்யலாமுங்க. வணக்கம்.