ஒரு கிரவுண்டுக்குள் ஒரு கோட்டை

கோட்டை என்றதும் கல் மதிலையும் அகழியையும் தேடாதீர்கள். நான் பேச வந்த நெசசிட்டி கோட்டையின் விட்டம் 53 அடி. நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுகூடத் தேறாது!

1754. மேற்கு பென்சில்வேனியாவில் கிரேட் மெடோஸ் என்கிற புல்வெளி. ஒஹாயோ பள்ளத்தாக்கு யாருக்கு என்று பிரிட்டனும் பிரான்ஸும் முட்டிக்கொண்ட நேரம். பிரிட்டன் பக்கம், வர்ஜீனியா படையோடு வந்தவர் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன். மே கடைசியில் அவருடைய ஆட்கள் ஒரு பிரெஞ்சுக் குழுவைத் தாக்க, அதில் ஜுமோன்வில் என்ற அதிகாரி செத்துப்போனார். பழிவாங்க வருவார்கள் என்று தெரியும். அவசர அவசரமாக ஓக் மரங்களை வெட்டி, வட்டமாக நட்டு ஒரு வேலி. நடுவில், சாமான்கள் நனையாமலிருக்க, மரப்பட்டையும் தோலும் வேய்ந்த குடிசை. கூட இருந்த பூர்வகுடித் தலைவர் தனகரிசன், 'புல்வெளியில் இருக்கிற அந்தச் சின்ன சாமான்' என்றுதான் அதைச் சொன்னார்.

ஜூலை 3, அடைமழை. சுமார் 400 பேர் அந்த வேலிக்குள் எப்படி அடங்குவது? பாதிப் பேருக்கு மேல் வெளியே, தண்ணீர் தேங்கிய பதுங்குகுழிகளில். பிரெஞ்சுக்காரர்களோ மரங்களுக்குப் பின்னால் நின்று சுட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஜுமோன்வில்லின் சகோதரர். வாஷிங்டன் பக்கம் துப்பாக்கி மருந்து நனைந்து போயிற்று. ராத்திரி சரண். பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. ஜுமோன்வில் சாவை அது 'படுகொலை' என்றது. வாஷிங்டனுக்குப் பிரெஞ்சு தெரியாது, கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம், மொழிபெயர்த்தவர் மேல் பழி! மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைக் கொளுத்திவிட்டார்கள்.

சரி, இப்போது அங்கே நிற்கும் கோட்டைக்கு வருவோம். வாஷிங்டன் பிறந்து 200 ஆண்டு என்று 1932-ல் அதை மறுபடி கட்டினார்கள். தரைக்கு மேலே தெரிந்த மண்மேடுகளை நம்பி, மூலைகளோடு, பெரிசாக. இருபது வருஷம் ஜனங்கள் அதைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் தோண்டினார். ஈர மண்ணுக்குள் கரிந்த கட்டைகளின் அடிப்பாகங்கள், வளைந்து வளைந்து ஒரு வட்டமாக! அந்த மேடுகளெல்லாம் பதுங்குகுழிகளின் கரை. போரில் இருந்த ஜான் ஷா என்ற சிப்பாயின் வாக்குமூலமும் வட்டம் என்றே சொல்லியிருந்தது. பழையதைப் பிரித்துவிட்டு, இந்தச் சின்ன வட்டத்தைக் கட்டினார்கள்.

வாஷிங்டன் தோற்றுச் சரணடைந்தது வாழ்க்கையில் அந்த ஒரே இடத்தில்தான். பின்னாளில் அதே புல்வெளியை விலைக்கு வாங்கி, சாகும்வரை விற்காமல் வைத்திருந்தார் மனுஷன்.