காட்டுவதற்கு முன்னே எழுதுதல்

(இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊருக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில், கடற்பாசி எடுக்கும் மகளிர் குழுவினரும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பின்னலாடை, காலணி, அச்சு விளம்பரம் ஆகிய மூன்று துறைகளிலும் காப்புரிமை (கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் தனியுரிமை) பெற்ற கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பனியனுக்குத் திருப்பூர், ஷூவுக்கு ஆம்பூர், அச்சுக்குச் சிவகாசி என்று ஊர்கள் இருக்க, இராமநாதபுரம் கரையில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இன்று காலை மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு சகோதரியைப் பார்த்த பிறகு அந்த ஐயம் நீங்கிற்று. விரல்களில் பழைய பனியன் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். பாறையில் கால் கிழியாமல் இருக்க ரப்பர் செருப்பு அணிந்திருந்தார். அந்தச் செருப்பில் அவரே ஒரு மாற்றமும் செய்திருந்தார். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

பனியன் துணி ஏன் விரலைக் கவ்விப் பிடிக்கிறது? தறியில் நெய்த துணியில் நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் நேராக ஓடுகின்றன. பின்னலில் நூல் வளைந்து வளைந்து, ஒரு கண்ணியின் வழியே அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வளைவுகள்தாம் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகின்றன. வலை முடிந்த கைகளுக்கு இதன் மறுபக்கமும் விளங்கும்: வலையில் ஒரு கண் அறுந்தால் முடிச்சு சேதத்தை அங்கேயே நிறுத்திவிடும், முடிச்சில்லாத பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் அந்தச் சரமே இறங்கிவிடும். கையால் ஒவ்வொரு கண்ணியாகப் போட்டுவந்த இந்த வேலையை, வரிசை முழுவதையும் ஒருசேரப் போடும் பொறியாக 1589-இல் மாற்றியவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. அவர் கேட்ட காப்புரிமையை முதலாம் எலிசபெத் அரசி தரவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு போய்விடும் என்று அரசி அஞ்சியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார். அரசியின் அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். விசைப்படகு வந்தபோது இந்தக் கரையின் நாட்டுப்படகுக்காரர்கள் எழுப்பிய கேள்வியும் அதுவே.

இப்போது ரப்பர் செருப்புக்கு வருவோம். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப் போகும் பொருளாகத்தான் ரப்பர் முதலில் இருந்தது. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை 1839-இல் கண்டறிந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். 1844-இல் தம் நாட்டில் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அதற்கு முன்பே, விண்ணப்பம் எதுவும் செய்யாமல், மாதிரித் துண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். அவை அங்கே ரப்பர் தொழில் நடத்திவந்த தாமஸ் ஹான்காக்கின் கைக்குப் போயின. மேற்பரப்பில் படிந்திருந்த கந்தகம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பல சோதனைகள் செய்து, 1843 நவம்பரிலேயே ஹான்காக் அங்கே விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் சில வாரங்கள் பிந்திப் போனார். 1860-இல் பெருங்கடனோடு மறைந்தார். பொருளை முதலில் காட்டி, பிறகு எழுதியதால் வந்த இழப்பு இது. மாணவர்களே, இன்று நான் சொல்ல வந்ததும் இதுவே.

தோல் ஷூவின் வரலாற்றில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஒரு கப்பல் தொழிலாளி. தென் அமெரிக்காவின் சுரினாமில் 1852-இல் பிறந்த யான் மாட்செலிகர், 19 வயதில் கப்பலேறி, பின்னர் அமெரிக்காவின் லின் நகரத்தில் ஷூ ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கால் வடிவக் கட்டையின்மீது மேல்தோலை இழுத்து, சுருக்கம் விழாமல் மடித்து, அடித்தோலோடு ஆணி வைத்துப் பொருத்தும் வேலையை அங்கே கைத்தேர்ச்சி பெற்றவர்கள் மட்டுமே செய்தார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 சோடி முடிப்பார். எந்தப் பொறியாலும் அது ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. மாட்செலிகர் பகலில் அந்தக் கைகளைக் கவனித்தார். இரவில் சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு மாதிரி செய்தார். அவருடைய வரைபடங்கள் அவ்வளவு சிக்கலாக இருந்ததால், காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியையே லின் நகருக்கு அனுப்பிப் பொறி ஓடுவதை நேரில் பார்க்கச் செய்தது. 1883 மார்ச் 20-இல் உரிமை கிடைத்தது. மேம்பட்ட பொறி நாளொன்றுக்கு 700 சோடி வரை முடித்தது. முதலீட்டுக்காகப் பெரும்பங்கை முன்பே பிறருக்குக் கொடுத்திருந்த அவர், காசநோயால் 36 வயதில் இறந்தார். பொறியின் பெரும்பயன் பிறருக்குப் போனாலும், கண்டுபிடித்தவர் யார் என்பதை மாற்ற முடியவில்லை; அது தாளில் இருந்தது.

பின்னலும் காலணியும் பிறகு ஒன்றாயின. 2012-இல் நைக்கி, அடிடாஸ் ஆகிய இரு நிறுவனங்களும் மேற்பகுதி முழுவதும் பின்னலாலான ஷூக்களைக் கொண்டுவந்து, யாருக்கு உரிமை என்று வழக்காடத் தொடங்கின. 2022-இல்தான் சமரசம் ஆயிற்று. பின்னல் பழையது, ஷூவும் பழையது; எந்த இணைப்பு புதிது என்பதே வழக்கு.

அச்சு விளம்பரத்தில் எல்லைக்கோடு இன்னும் தெளிவானது. விளம்பரத்தின் வாசகத்துக்கும் படத்துக்கும் பிறர் படியெடுக்காமல் காக்கும் பதிப்புரிமை உண்டே தவிர, காப்புரிமை கிடையாது. தகவலை எடுத்துக்காட்டும் விதம் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் தாளே புதிதாக ஒரு வேலையைச் செய்யுமானால், அந்த நுட்பத்துக்குக் காப்புரிமை கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் நீர்மத்தை அடைத்துத் தாளில் பூசும் முறை, கார்பன் இல்லாமல் படியெடுக்கும் தாளுக்காக 1950-களில் உருவானது. பின்னாளில் அந்த உறைகளில் நறுமண எண்ணெயை அடைத்தார்கள். இதழில் வந்த விளம்பரத்தைச் சுரண்டினால் மணம் வீசிற்று.

காலையில் அந்தச் சகோதரி என்னிடம் கேட்டார்: "சங்கு குளிக்கிறவங்க காலுல தகடு கட்டிக்கிட்டு நீந்துறாங்களே, அதுக்கு உரிமை வாங்கலாமா, சார்?" வாங்க முடியாது, அம்மா. வழிவழியாக வந்த அறிவுக்கு நம் சட்டம் தனியுரிமை தருவதில்லை. வெளியார் யாரேனும் அதைத் தமதென்று விண்ணப்பித்தால், உரிமை வழங்கப்படும் முன்பே எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். அப்போது தேதியிட்ட படமும் எழுத்தும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அவருடைய செருப்பில் உள்ள மாற்றம் வேறு வகை. அதை நான் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை. அது என்னவென்று அறிய நீங்கள் ஆவலாக இருப்பது தெரிகிறது. இந்த மேடையில் சொல்லிவிட்டால் இதுவே அதன் முதல் வெளியீடாகிவிடும்; பிறகு அது புதிது என்று உரிமை கேட்க முடியாமல் போகலாம். கைப்பேசியில் எடுத்துப் பகிரும் காணொளியும் அப்படித்தான். தனியாள் ஒருவர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டு, முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம். அவரும் நானும் இன்று மாலை உட்கார்ந்து அதை எழுதப் போகிறோம். படம் வரையத் தெரிந்த மாணவர் ஒருவர், நாங்கள் அனுப்பும் வரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற உறுதியோடு, எங்களுடன் வந்தால் உதவியாக இருக்கும்.