வெள்ளி இரவு 118 போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஃபூட்டியை, அதாவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சரியாகச் சொன்னால் ஃபூட்டியைப் பற்றிக்கூட இல்லை. அதை வைத்து வாராவாரம் செல்பேசியில் ஆடுகிற ஏ.எஃப்.எல். ஃபேண்டஸியைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த வாரம் கேப்டன் யார்?

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு நிமிடம். ஃபூட்டியின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில் 18 கிளப்கள். ஃபேண்டஸியில் எல்லாருக்கும் ஒரே சம்பள வரம்பு. அதற்குள் அந்த 18 கிளப்களிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி உங்கள் அணியைக் கட்ட வேண்டும். களத்தில் 22 பேர்: டிஃபெண்டர் 6, மிட்ஃபீல்டர் 8, ரக் 2, ஃபார்வர்ட் 6. வெளியே மாற்று ஆட்கள் சிலர். நிஜ ஆட்டத்தில் அவர்கள் என்ன செய்கிறார்களோ அது உங்களுக்குப் புள்ளி. ஒரு கிக்குக்கு 3, பந்தைக் கையால் குத்திக் கொடுக்கிற ஹேண்ட்பாலுக்கு 2, உதைத்து வந்த பந்தைக் கீழே விழாமல் பிடிக்கிற மார்க்குக்கு 3, பந்து வைத்திருப்பவரைப் பிடித்து மடக்குகிற டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போகிற பிஹைண்டுக்கு 1. ஆட்டத்தைத் தொடங்கப் பந்து மேலே எழும்போது ரக் எனப்படும் நெட்டை ஆள் எம்பித் தட்டிவிடுகிற ஒவ்வொரு ஹிட்அவுட்டுக்கும் 1. ஃப்ரீ கிக் வாங்கினால் 1 சேரும், கொடுத்தால் 3 போகும். 20 கிக், 12 ஹேண்ட்பால், 7 மார்க், 5 டேக்கிள், ஒரு கோல் என்று ஒரு மிட்ஃபீல்டர் ஆடினால் 131. அது நல்ல நாள்.

இந்த 22 பேரில் ஒருவரைக் கேப்டன் என்று குறிக்கிறீர்கள். அவருடைய புள்ளி இரட்டிப்பாகும். அதாவது உங்கள் அணியில் 23ஆவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் கிடையாது, அவர் யார் என்பதை ஒவ்வொரு வாரமும் நீங்களே மாற்றலாம். சீசன் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டு மலிவான இளம் ஆட்களை வாங்கி விற்பவர்கள், கேப்டன் இடத்தில் மட்டும் வழக்கமான பெயரைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை. வாரத்துக்கு 10 புள்ளி கூடுதலாக எடுக்கிற கேப்டனைப் பிடித்தால் 24 சுற்றில் 240 புள்ளி. அவ்வளவையும் வீரர்களை மாற்றி மாற்றிச் சம்பாதிக்க நீங்கள் படாத பாடு பட வேண்டும்.

நம்மவர்கள் பலர் கிரிக்கெட்டில் ட்ரீம் லெவன் பார்த்துவிட்டு இங்கே வருகிறார்கள். அங்கே வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. இங்கே அப்படி இல்லை. இங்கே வைஸ் கேப்டன் என்ன எடுத்தாலும் ஒரு மடங்குதான். கேப்டன் அந்தச் சுற்றில் ஆடவே இல்லை என்றால் மட்டும் இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போகும். அதனால் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பொத்தானைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எப்படி என்றால், ஒரு சுற்றின் ஆட்டங்கள் ஒரே நாளில் நடப்பதில்லை. வியாழன் அல்லது வெள்ளி இரவில் தொடங்கி ஞாயிறு மாலை வரை போகும். ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார், அதன் பிறகு அவரை மாற்ற முடியாது. ஆகவே வெள்ளி இரவு ஆடுகிறவரை வைஸ் கேப்டனாகப் போடுங்கள். அவர் பிரமாதமாக ஆடினால், அதற்குப் பிறகு வரவிருக்கும் ஆட்டங்களில், அணிப் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவரைக் களத்தில் நிறுத்திக் கேப்டன் ஆக்குங்கள். அவர் ஆடமாட்டார். இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போய்விடும். காலியான இடத்தை எமர்ஜென்சி என்று நீங்கள் குறித்து வைத்த மாற்று ஆள் நிரப்புவார். வெள்ளி இரவு சொதப்பினால் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற உண்மையான கேப்டனை வைத்துக்கொள்ளலாம். லூப்ஹோல் என்று இதற்குப் பெயர். திருட்டு வேலை போலத் தோன்றும்; விதிக்கு உட்பட்டதுதான், எல்லாரும் செய்வதுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆடாத ஆள், வைஸ் கேப்டனின் ஆட்டம் முடிந்த பிறகும் பூட்டப்படாதவராக இருக்க வேண்டும். அவருடைய கிளப்பும் வெள்ளிக்கிழமையே இறங்கிவிட்டால் அவரால் உங்களுக்குப் பயன் இல்லை. வியாழக்கிழமையே இதைப் பார்த்து வையுங்கள்.

சரி, வெள்ளி இரவு ஆட்டம் முடிகிறது. உங்கள் வைஸ் கேப்டன் 118. எடுத்துக்கொள்வதா, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்காகக் காத்திருப்பதா? இந்தக் கேள்வியில்தான் நல்ல நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் தடுமாறுகிறார்கள். பறக்கிறதைப் பிடிக்க இருக்கிறதை விட்டானாம் என்று பழமொழி சொல்லும். அது பாதிதான் சரி. இருக்கிறது 90 என்றால் தாராளமாக விட வேண்டும். எந்த எண்ணில் கோடு போடுவது என்று பழமொழி சொல்வதில்லை.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளிடம் இந்த வாரம் நீங்கள் எதிர்பார்க்கிற சராசரி எவ்வளவு? 112 என்றால், கையில் 113 வந்தாலே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆளை நினைக்கும்போது அவருடைய சராசரி நம் மனத்துக்கு வருவதில்லை, போன மாதம் அவர் அடித்த 150தான் வருகிறது. அதற்கு அடுத்த வாரம் அதே ஆள் 84 எடுத்தது நினைவில் தங்குவதில்லை. "118தானே, 130 வந்தால் எடுப்பேன்" என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 130 எங்கிருந்து வந்தது என்று. ஒருவரிடமும் பதில் இருக்காது. நூறுக்கு மேல் ஒரு முழு எண், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. யாரை வைஸ் கேப்டனாகப் போடுவது, யாரைக் கேப்டனாகப் போடுவது? பெரும்பாலோர் சிறந்த ஆளைக் கேப்டனாகவும் அடுத்தவரை வைஸ் கேப்டனாகவும் போடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஏற்ற இறக்கம் உள்ளவர் வைஸ் கேப்டன், நிதானமானவர் கேப்டன்.

எண்களை வைத்துப் பார்ப்போம். இருவருக்கும் சராசரி 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிதானம்: ஒரு வாரம் 105, ஒரு வாரம் 115. இன்னொருவர் பாதி வாரங்களில் 80, பாதி வாரங்களில் 140. நிதானமானவரை முதலில் ஆடவிட்டால் என்ன ஆகும்? 115 வந்தால் வைத்துக்கொள்வீர்கள், 105 வந்தால் மற்றவரிடம் போவீர்கள், அங்கே சராசரி 110. சராசரி பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டரையில் நிற்கும். மாற்றிப் போடுங்கள். ஏறி இறங்குகிறவர் முதலில். 140 வந்தால் எடுத்துக்கொள்வீர்கள். 80 வந்தால் விட்டுவிட்டு நிதானமானவரின் 110க்குப் போவீர்கள். சராசரி 125. அதே இரண்டு பேர், வரிசை மட்டும் மாறியிருக்கிறது, வாரத்துக்குப் பன்னிரண்டரை புள்ளி கூடுதல். முதல் ஆளின் மோசமான நாள் உங்களைத் தொடுவதே இல்லை என்பதால்தான் இது. அவருடைய நல்ல நாள் மட்டும் உங்கள் கணக்கில் வருகிறது.

ஆட்ட அட்டவணை நமக்காக வளையாது என்பது வேறு கதை. சில வாரங்களில் வெள்ளிக்கிழமை ஆடுகிற இரண்டு கிளப்களிலும் உருப்படியான ஆள் ஒருவர்கூட உங்களிடம் இருக்கமாட்டார். அந்த வாரம் சனிக்கிழமை மதியம் ஆடுகிறவரைப் பாருங்கள். சுற்றின் கடைசி ஆட்டம் பெர்த்தில் என்றால் இன்னும் வசதி. குளிர்காலத்தில் பெர்த் நேரம் மெல்பர்னுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். பெர்த் கிளப்களான வெஸ்ட் கோஸ்ட் அல்லது ஃப்ரீமான்டில் ஆட்டத்தில் நம்பகமான ஒருவர் உங்கள் அணியில் இருந்தால், ஞாயிறு மாலை வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் காரணம் டேக்கர். எதிரணியின் முக்கிய மிட்ஃபீல்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முழுக்க ஒருவரை ஓடவிடுவார்கள். பந்தை எடுப்பது அவர் வேலையே இல்லை. 2023இல் ஹாத்தார்னின் ஃபின் மகின்னஸ், கோலிங்வுட்டின் நிக் டைகோஸை இப்படித்தான் பிடித்தார். டைகோஸ் அந்த சீசனில் எல்லார் அணியிலும் இருந்த கேப்டன் முகம். அன்று அவருக்குக் கிடைத்தது வெறும் 5 டிஸ்போசல், அதாவது கிக்கும் ஹேண்ட்பாலும் சேர்த்து ஐந்தே முறை. அதே ஆட்டத்தில் முழங்காலிலும் அடிபட்டு, இறுதிப் போட்டிக்கு முந்தைய கட்டமான பிரிலிமினரி ஃபைனலில்தான் திரும்பி வந்தார். ஐந்தும் கிக்கென்றே வைத்தாலும் 15 புள்ளி, இரட்டித்தால் 30. டேக்கர் வைத்து ஆடும் கிளப் எது, வைக்காத கிளப் எது என்று சீசனின் முதல் நான்கைந்து சுற்றிலேயே தெரிந்துவிடும். எதிரணியின் சராசரிப் புள்ளி அட்டவணையைவிட எனக்கு இந்த ஒரு தகவல் போதும்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 முதல் சுற்றில் டாம் மிட்செல், இதே ஹாத்தார்னுக்காக, கோலிங்வுட்டுக்கு எதிராக 54 டிஸ்போசல் எடுத்தார். 1989இல் கிரெக் வில்லியம்ஸ் சிட்னிக்காக எடுத்த 53 அன்று உடைந்தது. 54ம் ஹேண்ட்பால் என்று வைத்துக்கொண்டாலே 108 வந்துவிடும். கிக், மார்க், டேக்கிள் எல்லாம் அதற்கு மேலே. அவரைத் தடுக்க அன்று ஆள் இல்லை, அதுதான் விஷயம். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கமும் அவருக்கே.

ரக் ஆட்கள் வேறு ரகம். மெல்பர்னின் மேக்ஸ் கான் போன்ற ஒருவர் 40 ஹிட்அவுட் தட்டினால் காலால் பந்தைத் தொடுவதற்கு முன்பே 40 புள்ளி. அவர்களை யாரும் டேக் செய்வதும் அரிது. ஆகவே நிதானமான கேப்டன் இடத்துக்கு நான் பெரும்பாலும் ரக் பக்கம்தான் போவேன். ஒரே ஒரு நிபந்தனை, அவர் அந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். 2023இல் பிரோடி கிரண்டியைக் கொண்டுவந்து கானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பெரிய ரக், ஒரே வேலை. ஃபேண்டஸி ஆட்டக்காரர்களுக்கு அது தலைவலியாகப் போனது. சீசன் முடிந்ததும் கிரண்டி சிட்னிக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை அணிப் பட்டியலில் உங்கள் ரக்குக்குத் துணையாக இன்னொரு நெட்டை ஆள் உள்ளே வந்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு வரி 20 புள்ளி பெறும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. பந்து ஈரமானால் மார்க் குறையும், டேக்கிள் கூடும். மார்க் எடுத்தே பிழைக்கிற பின்வரிசை ஆட்களை அன்று தொடாதீர்கள். மேலே விழுந்து பிடிக்கிற மிட்ஃபீல்டர்களுக்கு அது நல்ல நாள். மெல்பர்னின் டாக்லண்ட்ஸ் மைதானத்தில் கூரை இருப்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை. தலையில் அடிபடுவதை மட்டும் எந்தக் கணக்கும் பிடிக்காது. முதல் கால்பகுதியில் மூளையதிர்ச்சி என்று வெளியே போனவர் அன்று திரும்ப மாட்டார். 2021 முதல் குறைந்தது 12 நாள் ஓய்வு கட்டாயம். அது சரியான விதி, உங்கள் கேப்டன் போனாலும் சரியான விதிதான்.

சூப்பர்கோச் என்கிற இன்னொரு ஃபேண்டஸி ஆட்டம் ஆடுகிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 3300 புள்ளிதான், அதைத்தான் இரண்டு அணிகளும் பங்கிட்டுக்கொள்ளும். நெரிசலில் பந்தைப் பறிப்பவருக்கும் வீணாக்காமல் கொடுப்பவருக்கும் அதிகம். எண்ணிக்கைக்காகப் பந்தைத் தொடுகிறவர்களுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இல்லை. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் ஒரே கேப்டனைப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வைஸ் கேப்டன் தந்திரம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

கடைசியாக, வாராவாரம் ஒரே ஒரு எதிராளியோடு மோதுகிற நேருக்கு நேர் லீக். பெரும்பாலோர் அலுவலக நண்பர்களோடும் மைத்துனர்களோடும் ஆடுவது இதைத்தான். இங்கே நான் இதுவரை சொன்ன கணக்கு அப்படியே செல்லாது. உங்கள் எதிராளியிடமும் அதே கேப்டன் இருந்தால் அவர் 60 எடுத்தாலும் 160 எடுத்தாலும் உங்கள் இருவருக்கும் இடையில் ஒன்றும் மாறாது. ஞாயிறு மதியம் நீங்கள் 40 புள்ளி முன்னிலையில் இருந்து, எதிராளியிடம் இருக்கிற அதே நட்சத்திரம் உங்களிடமும் இருந்தால், அவரையே கேப்டன் ஆக்குங்கள். வெள்ளிக்கிழமை கையில் வந்த 118ஐ விட்டாலும் பரவாயில்லை, எதிராளிக்கு இருக்கிற ஒரே வழி அடைந்துவிடும். 40 பின்தங்கி இருந்தால் அதே 118ஐ வைத்துக்கொண்டு தோற்பதில் பயன் இல்லை. எதிராளியிடம் இல்லாத ஒருவர், முன்பு சொன்னேனே, 80க்கும் 140க்கும் நடுவே ஊசலாடுகிறவர், அவர் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறார் என்றால் அவரிடம் கொடுங்கள். சராசரிக் கணக்கில் அது தப்பான முடிவு. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயிக்க அதுதான் வழி.

அணிப் பட்டியல் வியாழன் மாலை வரும். உங்கள் மைத்துனர் யாரைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.