ஒரு சொல்லின் பொருளை மாற்றிய அதிபர்

அவையோருக்கு வணக்கம்.

ஆபத்து நெருங்குமுன்னே முந்தித் தாக்கலாம் என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வகுத்த கொள்கைக்குப் பெயர் புஷ் கோட்பாடு. அது என்றதும், "எங்களோடு இருக்கிறீர்களா, பயங்கரவாதிகளோடு இருக்கிறீர்களா" என்ற 2001 செப்டம்பர் 20 பேச்சுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது கைதட்டலுக்கான வரி. உண்மையான மாற்றம் ‘உடனடி ஆபத்து’ என்ற சொல்லின் பொருளில் சத்தமில்லாமல் நடந்தது.

அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1837 டிசம்பரில், கனடாவின் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சரக்கு கொண்டுபோன கரோலின் என்ற நீராவிப் படகை, பிரிட்டிஷ் படை நயாகரா ஆற்றைத் தாண்டி அமெரிக்கக் கரைக்கே வந்து கொளுத்தியது. தற்காப்புக்குத்தான் செய்தோம் என்றது லண்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் விடவில்லை. ஆபத்து அந்தக் கணமே தலைக்கு மேல் வந்திருக்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருந்திருக்கக் கூடாது. அப்போதுதான் அது தற்காப்பு என்று 1841-இல் எழுதினார். சர்வதேசச் சட்டம் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் அளவுகோல் அது. வேடிக்கை என்னவென்றால், அதை எழுதிக் கொடுத்ததே அமெரிக்காதான். ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவு இன்னும் கறார்: ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உரிமை உண்டு என்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று 2,977 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றிரவே, தாக்கியவர்களையும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களையும் வேறுபடுத்திப் பார்க்க மாட்டோம் என்றார் புஷ். அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் குண்டுவீச்சு தொடங்கியது. இதுவரை உலகம் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்று சொல்லும் தன் 5-ஆவது பிரிவை, நேட்டோ ராணுவக் கூட்டணி முதன்முறையாக அமெரிக்காவுக்காகவே எடுத்தது.

அடுத்த படி 2002 ஜூன் 1, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. பனிப்போர்க் காலத்தில் ‘நீ அடித்தால் நானும் அடிப்பேன்’ என்ற அச்சுறுத்தல் வேலை செய்தது. ஏனென்றால் மாஸ்கோவுக்கு இழக்க ஒரு நாடு இருந்தது. காக்க நாடோ மக்களோ இல்லாத கூட்டத்திடம் அது பலிக்காது என்றார் புஷ். நியாயமான வாதம்தான். கோளாறு அடுத்த எட்டில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான தேசியப் பாதுகாப்பு வியூக அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், ‘உடனடி ஆபத்து’ என்ற கருத்தைக் காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்றது. எதிரி எப்போது, எங்கே தாக்குவான் என்று தெரியாவிட்டாலும் முந்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஓங்கிய கையைப் பிடிப்பது ஒன்று. நாளை ஓங்குவான் என்று இன்றே கையை முறிப்பது வேறு. முதலாவது முன்தாக்குதல், இரண்டாவது தடுப்புப் போர். அறிக்கை முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதற்கு வாசல் திறந்தது.

அந்த வாசலில் நுழைய உளவுத் தகவல் பொன்போல இருக்க வேண்டும். இராக் விஷயத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டும் சுழற்கலன்களுக்கு என்றது சிஐஏ. குழாயின் விட்டம் 81 மில்லிமீட்டர். இராக் ஏற்கெனவே செய்துவந்த பீரங்கி ராக்கெட்டின் அளவும் அதுவே. சுழற்கலனுக்கு இந்தக் குழாயின் சுவர் தடிமன் அதிகம் என்று அணு விவகாரம் தெரிந்த எரிசக்தித் துறை நிபுணர்கள் சொன்னார்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்தது. மறுப்பு 2002 அக்டோபரில் உளவு அமைப்புகள் சேர்ந்து தந்த மதிப்பீட்டிலேயே பதிவானது. இன்னொன்று, லாரிகளில் நகரும் உயிரி ஆயுதக் கூடம். ஜெர்மனியிடம் இருந்த, ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்ட ஓர் இராக்கியரின் வாய்மொழிதான் அதற்கு முக்கிய ஆதாரம். போருக்கு முன் சிஐஏ அவரை நேரில் விசாரிக்கவே இல்லை. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இரண்டையும் எடுத்து வைத்தார். குழாய் பற்றி நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். மார்ச்சில் படை இறங்கியது. 2004-இல், இராக்கில் ஆயுதம் தேடிய அமெரிக்கத் தலைமையிலான குழுவின் டுயல்ஃபர் அறிக்கை, பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை என்றது.

நுழைவது எப்படி என்று சொன்ன கோட்பாடு, நுழைந்தபின் என்ன செய்வது என்று சொல்லவில்லை. 2003 மே மாதம் இராக் ராணுவத்தை அமெரிக்க நிர்வாகம் கலைத்த ஒரே உத்தரவில், ஆயுதம் தெரிந்த லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள்.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. இராக்கைவிட பாகிஸ்தான் மீது முன்தாக்குதல் நடத்த நமக்குத்தான் வலுவான காரணம் இருக்கிறது என்று 2003 ஏப்ரலில் நம் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்ஹாவே சொன்னார். 2005 பதவியேற்பில் புஷ் சுதந்திரத்தைப் பரப்புவதே கொள்கை என்றார். மறு ஆண்டே பாலஸ்தீனத் தேர்தலில், அமெரிக்கா பயங்கரவாத அமைப்பு என்று சொல்லும் ஹமாஸ் வென்றது. அந்தப் பேச்சு அதற்குப் பிறகு மெல்லத் தேய்ந்தது.

தேயாமல் நின்றது ஒரு சட்டம். 2001 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் அதன் மையப் பகுதி வெறும் 60 சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர், செய்தவர், உதவியவர், இடம் கொடுத்தவர் என்று அதிபர் யாரைத் தீர்மானிக்கிறாரோ அவர்மீது படை ஏவலாம். இடமும் குறிக்கவில்லை, முடிவுத் தேதியும் இல்லை. செனட்டில் 98-0, பிரதிநிதிகள் சபையில் 420-1. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு கலிபோர்னியாவின் பார்பரா லீ போட்டது. அதிபருக்கு வெற்றுக் காசோலை எழுதிக் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். 2014-இல் ஐ.எஸ். அமைப்பின் மீது குண்டு வீசியபோது, இராக் போரை எதிர்த்துப் பெயர் வாங்கிய ஒபாமாவின் அரசும் இந்தச் சட்டத்தைத்தான் காட்டியது.