பிளாஷ் டிரைவர் ரிவியூ: படிக்க முடியாமல் போகும்போது என்ன நடக்கிறது?

[திரையில்: ஒரு பக்கம், 2048 பைட். அது 512 பைட் கொண்ட நான்கு துண்டுகளாகப் பிரிகிறது.]

தரவைச் சேமிக்கும் நேண்ட் பிளாஷ் சிப்பில் எழுதியது அப்படியே திரும்பி வரும் என்று நம்பக் கூடாது. அங்கங்கே ஒரு பிட் புரண்டிருக்கும். அதைத் திருத்தத்தான் ஈசிசி (ECC) இருக்கிறது, அதாவது தரவோடு சேர்த்து எழுதும் பிழை திருத்தும் பைட்கள். நம் உதாரணத்தில் ஒரு துண்டுக்கு 4 பிட் வரை திருத்த முடியும்.

சரி, திருத்தியாயிற்று. இப்போது டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், தனக்கு மேலே உள்ள மென்பொருளிடம் என்ன சொல்ல வேண்டும்? டிரைவரின் கோடை ரிவியூ செய்யும்போது நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

லினக்ஸில் பக்கத்தைப் படிக்கும் ஃபங்ஷன், எந்தத் துண்டில் அதிகப் பிட் புரண்டதோ அந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும். கூட்டுத்தொகையை அல்ல.

[திரையில்: நான்கு துண்டுகள், ஒவ்வொன்றிலும் 2 சிவப்புப் புள்ளி.]

இங்கே சரியான விடை 2. கூட்டி 8 என்று சொன்னால், பிளாஷின் பிளாக்குகளை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்கான யூபிஐ (UBI) பயந்துபோய், பல பக்கங்கள் கொண்ட ஒரு நல்ல பிளாக்கைக் காலி செய்து வேறிடத்துக்கு மாற்றும். சிப்பின் ஆயுள் வீணாகத் தேயும். அதைவிட மோசம், 'திருத்திவிட்டோமே' என்று 0 அனுப்புவது. எச்சரிக்கை வரம்பு வழக்கமாக ஈசிசி வலிமையில் முக்கால் பங்கு, அதாவது இங்கே 3. அதை எட்டினால்தான் ஈயூக்ளீன் (EUCLEAN) என்ற எச்சரிக்கைக் குறியீடு மேலே போகும், தரவு இடம் மாறும். 0 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஐந்தாவது பிட் புரளும் நாள்வரை யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தரவு போய்விட்டிருக்கும்.

[திரையில்: முழுக்க 1. நடுவில் ஒரே ஒரு 0.]

அடுத்தது அழித்த பக்கம். அதில் எல்லாமே 1. ஒரு பிட் 0 ஆனாலும் ஈசிசி கணக்கைப் போடும் வன்பொருளான கன்ட்ரோலர்கள் பலவும் 'திருத்த முடியாது' என்று கைவிரிக்கும். அப்போது டிரைவர் 0-க்களை எண்ண வேண்டும். ஈசிசி வலிமைக்குள் இருந்தால் அது காலிப் பக்கம். ஈசிசி பைட்களையும் சேர்த்து எண்ணுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கிட்டத்தட்ட எல்லாமே 1 ஆக எழுதிய உண்மையான தரவையும் காலி என்று அழித்துக் காட்டிவிடும்.

[திரையில்: வோல்டேஜ் கோடு மெல்ல இடப்பக்கம் நகர்கிறது.]

இப்போது ரீட் ரீட்ரை. செல்லில் உள்ள மின்னேற்றத்தை ஒரு வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் சிப் 0, 1 என்று முடிவு செய்கிறது. நாளாக ஆக மின்னேற்றம் கசியும். அதனால் சில சிப்கள், ஒப்பிடும் வோல்டேஜைக் கொஞ்சம் மாற்றி மறுபடி படிக்க வழி தருகின்றன.

இங்கே இரண்டு வேலை தவறிப்போகும். ஒன்று, மறுபடி படிக்கும் முன் பிழைக் கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. மறந்தால், மீட்டெடுத்த பக்கமும் தோல்வியாகவே கணக்கில் நிற்கும். இன்னொன்று, முடிந்ததும் சிப்பை மோட் 0-க்கு, அதாவது வழக்கமான வோல்டேஜுக்குத் திருப்புவது. வெற்றி பெற்ற பாதையில் இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். எல்லா மோடும் தோற்று வெளியேறும் பாதையில், நடுவில் டைம்அவுட் ஆகும் பாதையில் இருக்கிறதா? ஒவ்வொரு ரிட்டர்னாக விரல் வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த நல்ல பக்கமும் தவறான வோல்டேஜில் படிக்கப்படும். பழியோ அந்தப் பக்கத்தின்மேல் விழும்.

சோதிப்பது கஷ்டமில்லை. ஒரே துண்டில் வேண்டுமென்றே 4 பிட் புரட்டுங்கள், அப்புறம் 5. ஐந்தில் 'திருத்த முடியவில்லை' என்ற பிழைக் குறியீடான ஈபேட்எம்எஸ்ஜி (EBADMSG) வர வேண்டும். வந்ததும் நிறுத்திவிடாமல், பக்கத்தில் உள்ள நல்ல பக்கத்தை உடனே படியுங்கள். அங்கே திருத்தங்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தால், மோட் 0-க்குத் திரும்பும் வரியை முதலில் தேடுங்கள்.