450 குதிரை சக்தி ராப்டரை விட நம்ம குட்டி யானை அதிக எடை தூக்குமா? அமெரிக்க பிக்கப் ட்ரக் கணக்கு

(திரையில்: இடது பக்கம் ஃபோர்ட் எஃப்-150 ராப்டர், வலது பக்கம் டாட்டா ஏஸ்)

இடது பக்கம் நிக்கிறது 450 குதிரை சக்தி. வலது பக்கம் நிக்கிறது 16. இதுல எது அதிக எடை ஏத்தும்?

குட்டி யானைதான். 2005ல வந்த முதல் டாட்டா ஏஸ், 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல். கம்பெனி சொல்ற பாரம் 750 கிலோ. ராப்டருக்கு ஃபோர்ட் சொல்ற அதிகபட்ச பேலோட் (ஏத்தக்கூடிய பாரம்) 1,400 பவுண்ட், அதாவது 635 கிலோ. அந்த 635லயும் வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற ஆளுங்க எடை அடக்கம். 37 இன்ச் டயர் போட்டு வாங்கினா இன்னும் குறையும்.

(நம்ம ஊர்ல 750ன்னு எழுதியிருந்தா எத்தனை ஏத்துவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அது வேற வீடியோ.)

ஃபோர்ட் ஏமாத்துதுன்னு அர்த்தம் இல்லை. ராப்டர் பாலைவனத்துல மணல் மேட்டுல குதிச்சு ஓட்டுறதுக்குச் செஞ்ச வண்டி. குதிச்சு இறங்கணும்னா ஸ்பிரிங் சாஃப்டா, நீளமா அசையணும். சாஃப்ட் ஸ்பிரிங்ல எடை ஏத்தினா பின்பக்கம் உக்காந்துடும். வண்டி பெருசா இருக்கிறதும் பாரம் தாங்குறதும் ஒண்ணு இல்லை. அமெரிக்காவுல ஃபுல் சைஸ் பிக்கப் வாங்கலாமா, சின்ன வண்டியே போதுமான்னு குழம்புறவங்க பிடிச்சுக்க வேண்டிய நூல் இதுதான்.

வரலாறு? முப்பது செகண்ட்ல முடிச்சுடலாம். எஃப்-150 அடங்குன ஃபோர்டோட எஃப் சீரிஸ் 1977ல இருந்து அங்க அதிகம் விக்கிற பிக்கப். ஐரோப்பாவுல அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டாங்கன்னு, 1964ல அமெரிக்கா வெளிநாட்டு சின்ன ட்ரக்குங்க மேல 25 சதவீத வரி போட்டது. கோழிக்கறிச் சண்டையில மாட்டினது ஃபோக்ஸ்வேகன் வேன். சுபாரு ஒரு படி மேல போய், பிராட்னு ஒரு குட்டி பிக்கப்போட தொட்டியில ரெண்டு சீட்டை வெல்டிங் பண்ணி, "இது ட்ரக் இல்லைங்க, கார்"னு கொண்டுவந்துச்சு. கோழிச் சண்டை போயிடுச்சு, வரி மட்டும் அப்படியே தங்கிடுச்சு. அங்க சின்ன பிக்கப் அரிதாப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம். 2021ல ஃபோர்டே மேவரிக்னு ஒண்ணை 19,995 டாலருக்கு அறிவிச்சப்போ ஜனங்க வரிசையில நின்னாங்க. அந்த விலையெல்லாம் இப்ப கிடையாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: டிரைவர் கதவைத் திறந்தா, தூண்ல ஒட்டியிருக்கிற மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கர். குளோசப்)

இந்த ஸ்டிக்கரை நல்லாப் பாருங்க. டயர் அளவு, காத்து அழுத்தம், அதுக்கு மேல ஒரு வரி. "ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது." கிலோவுலயும் பவுண்ட்லயும் இருக்கும். விளம்பரத்துல வர்ற நம்பர் வேற, இது வேற. இது இந்த ஒரு வண்டிக்கு, அதுல இருக்கிற ஆப்ஷன்களைக் கழிச்சுப் போட்ட நம்பர்.

2021 எஃப்-150க்கு விளம்பரத்துல 3,325 பவுண்ட் பேலோட் போட்டாங்க. அது ஹெவி டியூட்டி பேலோட் பேக்கேஜ் போட்ட, ஆடம்பரம் எதுவும் இல்லாத வேலை ட்ரக்குக்கு. ஷோரூம்ல பளபளன்னு நிக்கிற மேல் ட்ரிம்ல, அதாவது அதே வண்டியோட விலை கூடின வகையில, கதவைத் திறந்தா 1,400, 1,500ன்னு இருக்கிறது சாதாரணம். காரணம் எளிமையானது. வண்டியும் பாரமும் சேர்ந்து இவ்வளவுதான்னு மொத்த எடைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. கண்ணாடிக் கூரை, நாலு வீல் டிரைவ், 20 இன்ச் வீல், மோட்டார் வச்ச சீட்டு, தானா இறங்குற படிக்கட்டு, ஹைபிரிட் பேட்டரி எல்லாமே அந்த வரம்புக்குள்ள இருந்துதான் எடுத்துக்கும். காசு கூடக் கூடப் பாரம் குறையும். உலகத்துல வேற எந்தக் கடையிலயும் இப்படி ஒரு வியாபாரம் நடக்குமான்னு தெரியலை.

இப்ப ஒரு குடும்பத்தை ஏத்துவோம். ஸ்டிக்கர்ல 1,400 பவுண்ட். அப்பா 180, அம்மா 150, வளர்ந்த பசங்க ரெண்டு பேர் ஆளுக்கு 120. மொத்தம் 570. மிச்சம் 830. பின்னால சாமானோட 6,000 பவுண்ட் வர்ற டிராவல் டிரெய்லர். "எஃப்-150 13,000 பவுண்ட் இழுக்கும்னாங்களே, இதுல பாதி கூட இல்லையே"ன்னு தோணும். இழுக்கும்தான். ஆனா டிரெய்லரோட எடையில 10ல இருந்து 15 சதவீதம் கொக்கி வழியா ட்ரக்கோட முதுகுல உக்காரும். 12 சதவீதம்னு வச்சா 720 பவுண்ட். மிச்சம் 110. எடையைப் பரப்பி விடுற கொக்கிச் சட்டம் மாட்டினா அதுவே ஒரு 80, 90 பவுண்ட். ஐஸ் போட்ட கூலர் ஒண்ணு தூக்கி வச்சா கணக்கு முடிஞ்சது. நாய்க்குட்டிக்கு இடம் இல்லை.

தாண்டினா என்ன ஆகும்? உடனே எதுவும் உடையாது, அதுதான் ஆபத்து. பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கும். முன் டயர்ல எடை குறைஞ்சு ஸ்டியரிங் மிதக்குற மாதிரி இருக்கும். ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். பெரிய லாரி ஒண்ணு பக்கத்துல தாண்டும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கொக்கி எடையைக் குறைக்கலாம்னு டிரெய்லர்ல சாமானைப் பின்னாடி தள்ளி வச்சா அந்த ஆட்டம் இன்னும் மோசமாகும். அறுபது சதவீதம் எடை டிரெய்லரோட முன்பாதியிலதான் இருக்கணும்.

சரி, டிரெய்லர் இல்லை, தோட்டத்துக்கு ஜல்லி வாங்கப் போறீங்க. அஞ்சரை அடி தொட்டியில 52.8 கன அடி இடம் இருக்கு, கிட்டத்தட்ட ரெண்டு கன கஜம். ஒரு கன கஜம் ஜல்லி சுமார் 2,700 பவுண்ட். அரை கஜம் கொட்டினாலே 1,350. டிரைவர் ஏறி உக்காந்தா 1,400 தாண்டிடுச்சு. கண்ணுக்கு இடம் இருக்கு, அச்சுக்கு இல்லை. கடையில லோடர் ஓட்டுறவர் உங்க ஸ்டிக்கரைப் பார்க்க மாட்டார், பக்கெட்டைக் கவுத்துட்டுப் போயிடுவார். அரை பக்கெட் போதும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

மரத்தூள் மல்ச்னா ஒரு கஜம் 600ல இருந்து 800 பவுண்ட்தான். மேவரிக் தொட்டி 33.3 கன அடி, பேலோட் 1,500 வரைக்கும். ஒரு கஜம் மல்ச் அதுல தாராளமாப் போகும்.

(திரையில்: எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்)

இதுதான் எல்லாரும் கேக்குறது. "ஷீட் வாங்கணும்னா ட்ரக் வேணும்ல?" எஃப்-150ல டயர் மேல இருக்கிற ரெண்டு புடைப்புக்கும் நடுவுல 50 இன்ச் இருக்கு, 48 இன்ச் ஷீட் தட்டையாப் படுக்கும். ஆனா அஞ்சரை அடி தொட்டியோட நீளம் 67 இன்ச்தான், ஷீட் 96. பின்கதவை இறக்கிப் போட்டுத்தான் போகணும். மேவரிக்ல தொட்டி 54 இன்ச், புடைப்புக்கு நடுவுல 42 சொச்சம். அதனால பின்கதவைப் பாதியில நிறுத்துற மாதிரி செஞ்சிருக்காங்க. அந்த உயரமும் புடைப்போட மேல்மட்டமும் ஒண்ணு. ஷீட் அது மேல படுத்துக்கும். ரெண்டுலயும் ஜனங்க பண்ற ஒரே தப்பு, பட்டையைக் குறுக்கே மட்டும் கட்டுறது. சிக்னல்ல பச்சை விழுந்து மிதிச்சா ஷீட் பின்னால வழுக்கிட்டு வரும். பின்முனையைச் சுத்தி வளைச்சு முன்பக்கக் கொக்கிக்கு ஒரு பட்டை இழுத்துக் கட்டணும்.

உண்மையான ஜெயிப்பு யாருக்குத் தெரியுமா? மினிவேனுக்கு! ஹைபிரிட் இல்லாத கிரைஸ்லர் பசிஃபிகாவுல நடுச் சீட்டு, பின்சீட்டு எல்லாத்தையும் தரைக்குள்ள மடக்கினா எட்டடி ஷீட் உள்ள போய், கதவும் மூடிக்கும். மழை பெஞ்சாலும் ஜிப்சம் போர்டு நனையாது. சிரிக்காதீங்க. மினிவேன்ல போனா கெத்து இல்லைன்னு ஒரு நாடே நினைக்குது, அதுக்குத்தான் இவ்வளவு செலவு.

(திரையில்: மைலேஜ்)

இப்ப மைலேஜ். இதுல ஒரு தந்திரம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. முதல்ல கேள்வி. ஒருத்தர் கேலனுக்கு 15 மைல் கொடுக்கிற பழைய ட்ரக்கை வித்துட்டு 20 கொடுக்கிறதை வாங்குறார். இன்னொருத்தர் 37 கொடுக்கிறதை வித்துட்டு 57 கொடுக்கிற டொயோட்டா பிரியஸ் வாங்குறார். ரெண்டு பேரும் வருஷத்துக்கு 12,000 மைல். யார் அதிகப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பாங்க?

வீடியோவை நிறுத்தி யோசிங்க.

ட்ரக்காரர். அவருக்கு 800 கேலன் 600 ஆகுது, 200 மிச்சம். பிரியஸ்காரருக்கு 324ல இருந்து 211, மிச்சம் 113. அஞ்சு மைல் ஏறினவர் இருபது மைல் ஏறினவரை ஜெயிக்கிறார். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல்னு ரெண்டு பேர் 2008ல சயன்ஸ் பத்திரிகையில இதை எழுதினாங்க. நம்ம மனசு மைலைப் பார்க்குது, பர்ஸ் கேலனைப் பார்க்குது. 2013 மாடல்ல இருந்து புது வண்டி ஜன்னல்ல ஒட்டுற ஸ்டிக்கர்ல 100 மைலுக்கு எத்தனை கேலன்னும் சின்ன எழுத்துல இருக்கும். அதைப் படிங்க.

3.5 லிட்டர் டர்போ போட்ட நாலு வீல் டிரைவ் 2021 எஃப்-150 கேலனுக்கு 20 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர். 100 மைலுக்கு 5 கேலன். 2022 மேவரிக் ஹைபிரிட், முன் வீல் டிரைவ், 37 மைல், லிட்டருக்கு 15.7. 100 மைலுக்கு 2.7 கேலன். நகரத்துக்குள்ள மேவரிக் 42, ஹைவேல 33. தலைகீழா இருக்கேன்னு பார்க்காதீங்க, பிரேக் போடுற ஒவ்வொரு தடவையும் பேட்டரி ஏறும், ஹைவேல அந்த வேலையே இல்லை. டிராஃபிக்ல ஊர்ந்து போறவங்களுக்கு இது வரம். ஆளில்லாத ரோட்டுல 80 மைல் வேகத்துல போறவங்களுக்கு வித்தியாசம் சுருங்கும்.

வருஷம் 12,000 மைல்னா 276 கேலன் வித்தியாசம். கேலன் மூணரை டாலர்னு வச்சா 966 டாலர். "அப்போ சின்னதே வாங்கிடலாம்"னு கிளம்பாதீங்க. கைல கடன் இல்லாத பழைய எஃப்-150 இருந்தா, பெட்ரோலுக்குப் பயந்து அதைத் தள்ளிட்டு 32,000 டாலர் கடன்ல மேவரிக் வாங்குறது முட்டாள்தனம். 7 சதவீத வட்டி, 72 மாசம்னா மாசம் 545 டாலர் தவணை. மிச்சமாகுற பெட்ரோல் மாசம் 80 டாலர்.

புதுசாத்தான் வாங்கணும்னா கதை வேற. 55,000 டாலர் ட்ரக்குக்கு அதே கடன்ல வட்டி மட்டும் 12,500. மேவரிக்குக்கு 7,300. ஆறு வருஷத்துல வட்டியில வர்ற வித்தியாசமே கிட்டத்தட்ட ஆறு வருஷப் பெட்ரோல் மிச்சத்துக்குச் சமம். அசல்ல 23,000 வித்தியாசம் இருக்கே, அதை இன்னும் தொடவே இல்லை.

பெரிய ட்ரக் தேவைப்படுறவங்க இருக்காங்க, அவங்களைக் கேலி பண்ணலை. மாசத்துக்கு ரெண்டு தடவை 5,000 பவுண்டுக்கு மேல இழுக்கிறவங்களுக்கு மேவரிக் ஆகாது. அதோட ஹைபிரிட் சாதாரணமா 2,000 பவுண்ட்தான் இழுக்கும், டிரெய்லரோட சொந்த எடையே 600, 700 போயிடும். 4,000 வேணும்னா அதுக்கான பேக்கேஜ் போட்டே வாங்கணும். பவர்பூஸ்ட் ஹைபிரிட் எஃப்-150ல 7.2 கிலோவாட் வரைக்கும் மின்சாரம் எடுக்கலாம். 2021 பிப்ரவரியில டெக்ஸஸ்ல பனிப்புயல்ல கரண்ட் போனப்போ அந்த ட்ரக்குங்க வீடுகளுக்கு ஜெனரேட்டரா நின்னுச்சு. அதுக்கு மட்டும் ஒரு சல்யூட்.

ஒரு விஷயத்துல ஜோக் வேண்டாம். அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க காசுல சாலைப் பாதுகாப்பை ஆராயிற ஐஐஎச்எஸ் அமைப்பு 2023ல சொன்னது, பானட் உயரம் 40 இன்ச்சுக்கு மேல இருக்கிற வண்டி, 30 இன்ச்சோ அதுக்குக் குறைவாவோ இருந்து முன்பக்கம் சரிஞ்சு இருக்கிற வண்டியை விட, மோதின பாதசாரியைக் கொல்ற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தெருவுல குழந்தைங்க விளையாடுற வீடுன்னா இதை மறக்காதீங்க.

வருஷத்துக்கு மூணு தடவைதான் ஷீட், ஜல்லின்னா, கடையில மணிக் கணக்குல வாடகைக்கு பிக்கப் கிடைக்கும். அடுத்தவன் தொட்டியில கீறல் விழுந்தா நமக்கு வலிக்காது.

கடைசியா ஒரு டேப் எடுத்துக்குங்க. நாலு கதவு, அஞ்சரை அடி தொட்டி எஃப்-150 231.7 இன்ச் நீளம், கிட்டத்தட்ட பத்தொன்பதே கால் அடி. ஆறரை அடி தொட்டின்னா இருபது அடி தாண்டும். அங்க நிறைய வீட்டுல காரேஜ் ஆழமே இருபது அடிதான், அதுல வாட்டர் ஹீட்டர் ஒரு மூலையில நிக்கும். ஷட்டர் மூடாது. கண்ணாடி ரெண்டும் விரிச்சா அகலம் 95 இன்ச்சைத் தாண்டும், எட்டடிக் கதவுன்னா 96. அளக்காம முன்பணம் கொடுத்துடாதீங்க.

உங்ககிட்ட பிக்கப் இருந்தா இப்பவே போய் கதவைத் திறந்து, அந்த மஞ்சள் பட்டை ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பரையும் ட்ரிம் பேரையும் கமெண்ட்ல போடுங்க. 750 கிலோவுக்குக் கீழ வந்தா, பக்கத்துல ஒரு யானை எமோஜியும் சேர்த்துப் போடுங்க.